தரவுத்தளத்துக்கு நகல் சர்வர்: எதற்காக அமைக்கிறோம்?

[திரையில்: முதன்மைச் சர்வர் ஒன்று, அதிலிருந்து இரண்டு நகல் சர்வர்களுக்கு அம்புக்குறிகள்]

வணக்கம். ரெப்ளிகேஷன், அதாவது முதன்மைச் சர்வரின் தரவை நகல் சர்வர்களிலும் தொடர்ந்து பிரதியெடுக்கும் ஏற்பாடு, வேண்டும் என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எதற்காக என்பதைத்தான். ஒரு சர்வர் விழுந்தாலும் சேவை நிற்கக் கூடாது என்பது ஒரு தேவை. தரவைக் கேட்டுக் குவியும் வினவல்களைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது வேறொரு தேவை. ஒரே நகல் சர்வர் இரண்டையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிடுவதுதான் ஆபத்து.

இரண்டு சர்வர்கள் தலா 70 சதவீதச் சுமையோடு ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று விழுந்தால் மற்றதன் தலையில் 140 சதவீதம் ஏறும். சிறிது நேரத்தில் அதுவும் சாயும். சுமையைப் பகிரும் நகலே ஆபத்துக்கும் கைகொடுக்க வேண்டுமானால், இரண்டும் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையேல் மூன்றாவது சர்வர் வேண்டும். நகல்கள் குறைப்பது வாசிப்புச் சுமையை மட்டுமே. முதன்மையில் எழுதப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் அவையும் எழுதியாக வேண்டும்.

[திரையில்: முகவரி மாற்றும் படிவம், ‘சேமி’ பொத்தான் அழுத்தப்படுகிறது]

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். 2010இல் வந்த 9.0 பதிப்பு முதல் அதில் மாற்றங்களை உடனுக்குடன் நகலுக்கு அனுப்பும் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் உள்ளது. வழக்கமான அமைப்பில், முதன்மைச் சர்வர் தன் வட்டில் எழுதியதும் ‘கமிட் ஆயிற்று’, அதாவது மாற்றம் உறுதியாயிற்று, என்று சொல்லிவிடும். நகலுக்கு அந்த மாற்றம் பிறகுதான் போய்ச் சேரும். இடைவெளி பெரும்பாலும் மிகச் சிறியது. ஆனாலும், முகவரியை மாற்றிச் சேமித்த ஒருவருக்கு அடுத்த பக்கம் நகலிலிருந்து வந்தால் பழைய முகவரியே தெரியக்கூடும். சேமிக்கவில்லையோ என்று எண்ணி அவர் மறுபடியும் அழுத்துவார். எழுதியவருடைய வாசிப்புகளைச் சிறிது நேரம் முதன்மைக்கே அனுப்புவது இதற்கு எளிய தீர்வு.

ஒரு பரிவர்த்தனையைக்கூட இழக்க முடியாது என்பவர்களுக்கு 2011இல், 9.1 பதிப்பில் ஒத்திசைவு முறை வந்தது. நகலும் தன் வட்டில் எழுதிவிட்டதாகச் சொல்லும் வரை கமிட் காத்திருக்கும். அப்படிப்பட்ட நகல் ஒன்றே ஒன்று இருந்து அது விழுந்துவிட்டால், நன்றாக இருக்கும் முதன்மையிலும் கமிட்டுகள் அப்படியே நின்றுவிடும். அதனால் குறைந்தது இரண்டு நகல்களை வைத்து, 2017இல் வந்த 10ஆம் பதிப்பின் வசதிப்படி, அவற்றுள் ஏதேனும் ஒன்று ஒப்புக்கொண்டால் போதும் என்று அமைப்பதையே நான் பரிந்துரைப்பேன். இங்கே பலரும் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு: நகலின் வட்டில் எழுதப்பட்ட மாற்றம் அங்கே வாசிக்கக் கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. அதற்கும் காத்திருக்க வேண்டுமானால் ‘ரிமோட் அப்ளை’ என்ற தனி அமைப்பு இருக்கிறது. அதற்கான விலை கூடுதல் தாமதம்.

[திரையில்: அமெரிக்க வரைபடம், கிழக்கிலும் மேற்கிலும் ஒவ்வொரு தரவு மையம்]

முதன்மை விழுந்தால் அடுத்த முதன்மை எது என்பதை யார் தீர்மானிப்பது? 2018 அக்டோபர் 21 அன்று, பழுதான ஒளியிழைக் கருவியை மாற்றும் பணியின்போது, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்ஹப் நிறுவனத்தின் அமெரிக்கக் கிழக்குக் கரைத் தரவு மையத்துக்கான பிணைய இணைப்பு 43 விநாடிகள் அறுந்தது. அதன் தானியங்கி மேலாண்மைக் கருவி மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தின் முதன்மைச் சர்வர்களை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது. அதற்குமுன் கிழக்கில் எழுதப்பட்ட சில மாற்றங்கள் மேற்கை எட்டியிருக்கவில்லை. மேற்கிலோ புதியவை எழுதப்படத் தொடங்கின. அதிகம் பயன்படும் தரவுத்தளத் தொகுதி ஒன்றில் மட்டும் இப்படி 954 மாற்றங்கள் ஒதுங்கி நின்றன. இரு பக்கமும் மற்றதில் இல்லாத தரவு இருந்ததால் எளிதில் திரும்பவும் வழியில்லை. காப்பு நகல்களிலிருந்து மீட்டு, நகல்களை மீண்டும் ஒத்திசைத்துச் சேவை முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆயிற்று.

வேகத்தைவிடத் தரவின் ஒருமைப்பாட்டையே முன்வைத்த கிட்ஹப்பின் அந்தத் தீர்மானத்தை நான் மதிக்கிறேன். தொலைவிலுள்ள வட்டாரத்துக்கு முதன்மை தானாக மாறாதபடி அமைப்பைத் திருத்துவதும் அவர்கள் பிறகு அறிவித்த நடவடிக்கைகளுள் ஒன்று. ஒரே வட்டாரத்துக்குள் கருவி முடிவெடுக்கட்டும். வட்டாரம் தாண்டும் முடிவை, எவ்வளவு தரவு பின்தங்கியிருக்கிறது என்று பார்த்த பிறகு ஒரு மனிதர் எடுக்கட்டும்.