ஸ்கூலுக்கு லீவு விட்டாச்சு, ஆபீஸுக்கு யார் விடுவா?

[திரையில்: 210 என்ற எண் மட்டும்]

வணக்கம். இந்த நம்பரைப் பாருங்க. 210. 2024-25 கல்வியாண்டுல தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குக் கடைசியா முடிவான வேலை நாள் இவ்வளவுதான். முதல்ல வந்த நாட்காட்டியில 220 இருந்துச்சு. நிறைய சனிக்கிழமையைச் சேர்த்து அந்தக் கணக்கைக் கொண்டு வந்திருந்தாங்க. ஆசிரியர் சங்கங்கள் ஒத்துக்கலை, பத்து நாள் குறைஞ்சுது.

இப்படி ஒரு செய்தி வந்தாலே பெத்தவங்க பக்கம் புலம்பல் ஆரம்பிச்சிடும். "வாரத்துக்கு ஒரு லீவு, வாத்தியார்களுக்கு ஜாலி"ன்னு. இந்தக் கோபம் நியாயமா? என் பதில்: கோபம் நியாயம், ஆனா போய்ச் சேர்ற இடம் தப்பு. எப்படின்னு பார்க்கலாம்.

முதல்ல சட்டம். 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையில, 1 முதல் 5 வரைக்கும் வருஷத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம். 6 முதல் 8 வரைக்கும் 220 நாள், 1000 மணி நேரம். 210 இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்குதுன்னு கவனிச்சிருப்பீங்க. அந்தச் சண்டைக்குள்ள இன்னிக்குப் போகலை. சட்டம் எதை எண்ணுதுங்கறதுதான் நமக்கு முக்கியம். பிள்ளை வகுப்புல உட்கார்ற நாளை எண்ணுது. பிள்ளை வீட்டுல இருக்கிற நாளை எந்தச் சட்டமும் எண்ணலை. அதை எண்ணறது அம்மா மட்டும்தான்.

நாமளும் எண்ணிப் பார்ப்போம்.

[திரையில்: 365 − 210 = 155]

வருஷத்துல 155 நாள் ஸ்கூல் கிடையாது. அதுல எல்லா சனி, ஞாயிறும் லீவுன்னு வெச்சுக்கிட்டா 104. மீதி 51 நாள் வார நாள். கோடை விடுமுறை, காலாண்டு, அரையாண்டு, தீபாவளி, பொங்கல் எல்லாம் இதுக்குள்ள அடக்கம். வாரத்துக்கு அஞ்சு நாள் ஆபீஸ் போறவங்க இதை எப்படியோ சமாளிச்சிடலாம்.

ஆனா ஜவுளிக்கடையில, திருப்பூர் பனியன் கம்பெனியில, தனியார் மருத்துவமனையில வேலை பார்க்கிறவங்களுக்கு வாரம்னா ஆறு நாள். 365-ல ஞாயிறு 52 போனா 313. தேசிய, பண்டிகை விடுமுறைக்குன்னு தமிழ்நாட்டுல 1958-லயே ஒரு சட்டம் இருக்கு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அப்புறம் பண்டிகைக்கு அஞ்சு நாள். மொத்தம் 9 நாள் கட்டாயம் விடணும். பல இடங்கள்ல அதோட நிறுத்திக்குவாங்க. 313-ல 9 போனா 304. பிள்ளைக்கு 210, அம்மாவுக்கு 304.

[திரையில்: 304 − 210 = 94]

94 நாள். அப்பா அம்மா வேலையில, பிள்ளை வீட்டுல. சொந்த லீவைக் கழிச்சுப் பார்த்தாலும் அதுல பெரும்பகுதி அப்படியே நிக்கும். பாட்டி இருக்கிற வீட்டுல இந்த நம்பர் கண்ணுக்கே தெரியாது. பாட்டி ஊர்ல இருந்தா மே மாசம் மட்டும் தெரியாது. பாட்டியே இல்லைன்னா 94-உம் முழுசாத் தெரியும்.

சரி, இந்த 94-ல பெரும்பகுதி முன்கூட்டியே தெரிஞ்சதுதானே? ஆமா. மே மாசம் லீவுன்னு ஜனவரியிலயே தெரியும். பொங்கலுக்கு யாரும் திடுக்கிட்டு எழுந்திருக்கறதில்லை. வயிறு எரியறது வேற ஒரு வகை லீவுக்கு.

[திரையில்: மழை. அடுப்படி ஜன்னல்.]

சென்னையில ஒரு நவம்பர் காலை. மணி 6:40. எலுமிச்சை சாதம் டப்பாவுல ஏறியாச்சு. சின்னவளுக்கு ஒரு பக்கம் ஜடை போட்டாச்சு, இன்னொரு பக்கம் பாக்கி. போன் அடிக்குது. வேன் டிரைவர் அண்ணன் குரூப்ல கேக்கறார், "மேடம், இன்னிக்கு லீவா?" அவருக்கும் தெரியாது. டிவியில கீழ ஓடுற வரியில பக்கத்து மாவட்டம் வருது, நம்மளுது வரலை. யாரோ போன வருஷத்து ஸ்கிரீன்ஷாட்டைப் புதுசு மாதிரி தட்டி விடறாங்க. ஏழரைக்கு நம்ம மாவட்டமும் வந்துடுது. அதுக்குள்ள ஸ்பெஷல் கிளாஸுக்குக் கிளம்பின பெரியவன் பஸ் ஸ்டாப்புல நனைஞ்சுக்கிட்டு நிக்கறான். அம்மாவுக்கு 8:10 டிரெயின்.

இந்த முடிவை எடுக்கறது யாரு? மாவட்ட ஆட்சியர். 2005-ஆம் வருஷப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு அவர்தான் தலைவர். அவர் கையில என்ன இருக்கு? நுங்கம்பாக்கம் வானிலை மையத்தோட அறிக்கை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு எச்சரிக்கை. இங்கதான் நிறைய பேர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு.

கனமழைன்னா 7 முதல் 11 சென்டிமீட்டர். மிக கனமழைன்னா 12 முதல் 20. அதி கனமழைன்னா அதுக்கும் மேல. இது எல்லாமே 24 மணி நேரக் கணக்கு. வானிலைத் துறைக்கு ஒரு நாள்ங்கறது காலை 8:30-ல ஆரம்பிச்சு மறுநாள் காலை 8:30-ல முடியும். அந்த 12 சென்டிமீட்டர் ராத்திரி ரெண்டு மணிக்கும் கொட்டலாம், ஸ்கூல் விடுற நேரத்துலயும் கொட்டலாம். நமக்கு வேணும்கறது எட்டு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்குமான செய்தி. ஆட்சியருக்குக் கிடைக்கறது முழு நாளுக்கு, முழு மாவட்டத்துக்கு ஒரே நிறம். அதனாலதான் பல சமயம் விடியட்டும், பார்த்துக்கலாம்னு காத்திருக்காங்க. லீவு விட்டு வெயில் அடிச்சா மீம்ஸ், விடாம மழை பெஞ்சா சாபம். யாரா இருந்தாலும் காத்திருக்கத்தான் தோணும்.

ஆனா முந்தின நாளே சொல்ல முடியாதான்னா, முடியும். 2024 அக்டோபர்ல நடந்துச்சு. 15-ஆம் தேதி சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நாலு மாவட்டத்துக்கும் லீவுன்னு முந்தின நாளே அறிவிச்சாங்க. ஐடி கம்பெனிகளை வீட்டுலேர்ந்து வேலை பார்க்கச் சொல்லுங்கன்னும் அரசு கேட்டுக்கிச்சு. வேளச்சேரி மேம்பாலத்துல ஜனங்க காரை வரிசையாக் கொண்டு போய் நிறுத்தினது ஞாபகம் இருக்கும். 16-ஆம் தேதிக்கும் சிவப்பு எச்சரிக்கை, லீவு. அன்னிக்குப் பயந்த அளவுக்கு மழை வரலை. கேலி பண்ணினாங்க. பண்ணட்டுமே! பிள்ளையோட அன்னிக்கு என்ன செய்யறதுன்னு யோசிக்க அப்பா அம்மாவுக்கு ஒரு ராத்திரி கிடைச்சுது. பொய்யாப் போன முன்னறிவிப்பால ஒரு நாள் பாடம் போகும், அதைச் சனிக்கிழமை ஈடு கட்டலாம். காலை ஏழரை மணி அறிவிப்பால போற ஒரு நாள் சம்பளத்தை எந்தச் சனிக்கிழமையும் திருப்பித் தராது.

மழை லீவே வேண்டாம்னு நான் சொல்ல வரலை. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. அன்னிக்கு ஸ்கூலைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்கலை. வெள்ளம் வந்தா ஸ்கூல்தான் நிவாரண முகாம், தேர்தல் வந்தா ஸ்கூல்தான் வாக்குச்சாவடி. கட்டடமே வேற வேலைக்குப் போயிடுது. வெயிலும் விட்டு வைக்கலை. 2023 ஜூன் 1-ல திறக்க வேண்டிய ஸ்கூல் 7-க்குத் தள்ளிப் போச்சு, அப்புறம் 12, சின்ன வகுப்புக்கு 14.

[திரையில்: தேர், கூட்டம், வடம்]

அடுத்தது உள்ளூர் விடுமுறை. இது நம்ம ஊருக்கே உரிய சமாச்சாரம். தஞ்சாவூர்ல ராஜராஜ சோழன் சதய விழா, திருச்சியில வைகுண்ட ஏகாதசி, திருவாரூர்ல ஆழித்தேர், தூத்துக்குடியில பனிமய மாதா, நாகூர்ல கந்தூரி, நீலகிரியில படுகர் மக்களோட ஹெத்தையம்மன் பண்டிகை, கன்னியாகுமரியில கோட்டாறு சவேரியார் திருவிழா. குமரிக்காரங்க நவம்பர் 1-ஐயும் சேர்த்துக்குவாங்க, 1956-ல தமிழ்நாட்டோட சேர்ந்த நாள். எனக்கு இந்த லீவெல்லாம் பிடிக்கும். ஊர்ல தேர் ஓடும்போது பிள்ளை அல்ஜீப்ரா போட்டுக்கிட்டு இருந்தா அந்த ஊருக்கு அர்த்தமே இல்லை.

ஆனா ஆட்சியரோட செய்திக் குறிப்பை ஒரு தடவை முழுசாப் படிங்க. முதல் பத்தியில லீவுன்னு இருக்கும். அடுத்த பத்தியில இன்ன சனிக்கிழமை வேலை நாள்னு இருக்கும். கடைசியில ஒரு வரி: இது 1881-ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின்படி பொது விடுமுறை அல்ல, அவசரப் பணிகளுக்காகக் கருவூலம் குறைந்த பணியாளர்களோட இயங்கும்.

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். செக், புரோநோட்டு இதெல்லாம் எந்த நாள்ல பணமாகணும்னு சொல்ற சட்டம். அதோட கணக்குப்படி அன்னிக்கு லீவு இல்லை. அதனால பேங்க் திறந்திருக்கும். தனியார் ஆபீஸ் அவங்க விருப்பம், பெரும்பாலும் திறந்திருக்கும். அரசு ஊழியர் வீட்டுல எல்லாருக்கும் லீவு. பேங்க்ல வேலை பார்க்கிற அம்மா வீட்டுல பிள்ளைக்கு மட்டும் லீவு. அதுக்கு ஈடா வர்ற சனிக்கிழமையில பிள்ளை "வியாழக்கிழமை டைம் டேபிள்"னு நோட்டைத் தேடிக்கிட்டு இருக்கும், அப்பாவுக்கு ஐடியில லீவு. ரெண்டு பக்கமும் இடி.

இதுல எனக்குப் புரியாதது ஒண்ணு. ஏகாதசி எந்தத் தேதின்னு பஞ்சாங்கத்துல போன வருஷமே அச்சடிச்சாச்சு. சதய விழா ஐப்பசியில, சவேரியார் திருவிழா டிசம்பர் 3-ல. மழை மாதிரி இது எதுவும் திடீர்னு வர்றதில்லையே! அப்புறம் ஏன் சில நாள் முன்னாடிதான் அறிவிப்பு வருது? தேதி உறுதியான திருவிழாக்களை அதுக்கான சனிக்கிழமையோட சேர்த்து ஜூன்லயே போட்டுட்டா அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

முக்கியமான பண்டிகைகளுக்கு நடுவுல வர்ற நாளும் இதே கதைதான். 2024 தீபாவளி வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமையையும் விட்டு நவம்பர் 9 சனிக்கிழமையை வேலை நாள் ஆக்கினாங்க. ஊருக்குப் போறவங்களுக்கு நல்லது. பாதி வீடு சந்தோஷப்பட்டுச்சு, பாதி வீடு அலைஞ்சுது.

[திரையில்: சத்துணவுத் தட்டு]

லீவு நாள்ல வேற ஒண்ணும் நிக்குது. காமராஜர் காலத்துல 1956-ல ஆரம்பிச்ச மதிய உணவு, 1982-ல எம்.ஜி.ஆர். விரிவாக்கின சத்துணவு, 2022 செப்டம்பர்ல வந்த காலை உணவுத் திட்டம். அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஸ்கூல்ங்கறது இன்னிக்கு ரெண்டு வேளைச் சாப்பாடு. காலையில ஆறு மணிக்குக் கட்டட வேலைக்குப் போற அம்மாவுக்குத் திடீர் லீவுன்னா, பிள்ளையைப் பார்த்துக்க ஆளும் வேணும், அடுப்பும் பத்த வைக்கணும். இல்லைன்னா அன்னிக்கு வேலைக்குப் போகக் கூடாது. நாள் கூலிக்காரங்களுக்கு சிறு விடுப்புன்னு ஒண்ணு ஏது?

கம்பெனியில குழந்தை காப்பகம் இருக்கே? 2025 நவம்பர் வரைக்கும் அமல்ல இருந்த 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டப்படி முப்பது பெண்களுக்கு மேல வேலை பார்த்தா காப்பகம் கட்டாயமா இருந்துச்சு. ஆனா அது ஆறு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு. ஏழு வயசுப் பிள்ளை ஸ்கூல்லதான் இருக்கும்னு அந்தச் சட்டம் நம்பிக்கிட்டு இருந்துச்சு. ஸ்கூல் மூடியிருந்தா அந்தப் பிள்ளை யாரோட கணக்குலயும் வராது.

வீட்டுல அன்னிக்கு லீவு போடறது யாருன்னு சொல்லவே வேண்டாம். 2019-ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். அதுவும் வீட்டு வேலை செய்யறேன்னு சொன்ன ஆண்களோட சராசரி.

ஆசிரியர்களைத் திட்டறவங்களுக்கு ஒரு வார்த்தை. லீவு விடறது அவங்க இல்லை. ஈடு கட்டற சனிக்கிழமை அவங்களும்தான் வரணும், அவங்க பிள்ளைக்கும் அன்னிக்கு வேற ஸ்கூல்ல லீவா இருக்கலாம். வாக்காளர் பட்டியல், தேர்தல் பணி, விடைத்தாள் திருத்தறதுன்னு அவங்க நாள் வேற பக்கமும் போகுது.

அப்போ யார்கிட்ட என்ன கேட்கணும்? லீவைக் குறைங்கன்னு கேட்டுப் பிரயோஜனமில்லை, 210-க்குள்ள சுத்திச் சுத்தி வரும். மழை லீவை ராத்திரி எட்டு மணிக்குள்ள சொல்லணும்னு மாவட்ட நிர்வாகத்துக்கிட்ட கேட்கலாம். மாவட்டம் முழுசுக்கும் இல்லாம தாலுகா வாரியாப் பிரிச்சு விடுங்கன்னு கேட்கலாம். சில மாவட்டங்கள்ல தலைமையாசிரியரே நிலவரம் பார்த்து முடிவு செய்யட்டும்னு விட்டிருக்காங்க. கேட்க நல்லா இருக்கு, ஆனா அங்கதான் செய்தி இன்னும் லேட்டா வருதுங்கறது என் எண்ணம்.

அரசுப் பள்ளின்னா பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி அதுல முக்கால்வாசிப் பேர் பெத்தவங்களாத்தான் இருக்கணும், மொத்தத்துல பாதி பெண்கள். தனியார் பள்ளியில பெற்றோர் ஆசிரியர் கழகம். அடுத்த கூட்டத்துல கட்டண ரசீது, கழிப்பறை பேசி முடிச்சதும் ரெண்டு கேள்வி கேளுங்க. அடுத்த மூணு மாசத்துக்கான சனிக்கிழமை வேலை நாள் பட்டியல் எழுத்துல கிடைக்குமா? உள்ளூர் விடுமுறை அன்னிக்கு நூலக அறையை மட்டும் பகல் ஒரு மணி வரைக்கும் திறந்து வைக்க முடியுமா? ரெண்டாவதுக்கு ஆள் யாரு, சாவி யார்கிட்டன்னு உடனே திருப்பிக் கேட்பாங்க. கேட்கத்தான் செய்வாங்க. அதுக்குப் பதிலை யோசிச்சுக்கிட்டுப் போங்க.