ஒரு முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் நடுவே

எல்லோருக்கும் வணக்கம். பின்வரிசை வரைக்கும் கேட்கிறதா? சரி.

அழைப்பிதழில் ‘பயணிகள் விமானங்களில் மின் மாற்றங்களும் அரசு விதிகளும்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். படித்தாலே கண்ணைச் சொக்குகிறது. நீங்கள் வேறு இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் விதியை அப்புறம் பார்த்துக்கொள்வோம். முதலில் இந்தக் கயிற்றைப் பாருங்கள். மெழுகு பூசிய தட்டை நூல், லேசிங் கார்டு என்போம். விமானத்துக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, இதால் இடைவெளி விட்டு முடிச்சுப் போடுவார்கள். பார்ப்பதற்குப் பூக் கட்டுகிற மாதிரியே இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மீனம்பாக்கத்து ஹேங்கர் ஒன்றில், அதாவது விமானக் கொட்டகையில், ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து நீளமான ஹார்னஸ் ஒன்றை, அதுதான் அந்த வயர்க் கட்டை, கட்டி முடித்தேன். காலையில் மேற்பார்வையாளர் வந்தார். ஸ்கேலை வைத்து நாலு இடத்தில் அளந்தார். பேசாமல் கத்தரியை எடுத்து எல்லா முடிச்சையும் வெட்டிப் போட்டுவிட்டார். “தம்பி, நீ பூக் கட்டியிருக்கே. அதுவும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போற அவசரத்துல கட்டின பூ” என்றார். எனக்குக் கோபம். “எங்கம்மா பூக் கட்டினா இதைவிட நெருக்கமா இருக்கும் சார்” என்று ஏதோ உளறினேன். “அப்ப நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வா” என்றார்.

அந்தக் கோபம் தணிந்து, விஷயம் முழுதாகப் புரிய எனக்கு 2008 ஏப்ரல் ஆயிற்று.

அந்த ஏப்ரல் 8ஆம் தேதி, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் தன்னுடைய எம்.டி.-80 விமானங்களைப் பறக்க விடாமல் தரையில் நிறுத்தத் தொடங்கியது. ஏறக்குறைய 300 விமானங்கள். நாலைந்து நாளில் 3,000க்கும் மேற்பட்ட பயணங்கள் ரத்து. இரண்டரை லட்சம் பேருக்கு மேல் விமான நிலையங்களில் மாட்டிக்கொண்டார்கள். எந்த விமானமும் விழவில்லை, எதிலும் தீப்பிடிக்கவில்லை. காரணம் இந்தக் கயிறு. சக்கரம் மடங்கி உள்ளே போகும் பள்ளம் இருக்கிறதே, வீல் வெல், அதற்குள் ஓடுகிற ஒரு வயர்க் கட்டில் முடிச்சுகள் ஓர் அங்குல இடைவெளியில் இருக்க வேண்டும். பல விமானங்களில் அப்படி இல்லை. சிலவற்றில் கிளிப் திரும்பியிருந்த திசை சரியில்லை. வயர் மேல் போட்ட உறையைக் கட்டிய விதம் சிலவற்றில் சரியில்லை.

அமெரிக்கத் தொலைக்காட்சிகள் வைத்துக் கிழித்தன. ஒரு முடிச்சு கால் அங்குலம் தள்ளிப் போனதற்காக ஊரையே நிறுத்துவதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அந்த அங்குலம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

விமானம் தயாரித்த கம்பெனி, ‘இந்த இடத்தில் இப்படி மாற்றினால் நல்லது’ என்று அனுப்பும் தாளுக்கு சர்வீஸ் புல்லட்டின் என்று பெயர். பெரும்பாலும் அது ஆலோசனைதான். அதையே அரசு எடுத்து, ‘இத்தனை மாதத்துக்குள் செய்தாக வேண்டும், செய்யாத விமானம் பறக்கக் கூடாது’ என்று உத்தரவாகப் போட்டால் அது ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ். நாங்கள் ஏடி என்போம். சட்டத்துக்குச் சமம். அமெரிக்காவில் இதைப் போடுவது மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம், எஃப்.ஏ.ஏ. நம் கதையின் ஏடிக்கு எண் 2006-15-15. எம்.டி.-80 விமானங்களின் துணை ஹைட்ராலிக் பம்புக்குப் போகும் வயர்களைச் சோதித்து மாற்றியமைக்கச் சொல்லும் உத்தரவு. அவகாசம் 18 மாதம். 2008 மார்ச்சோடு முடிந்தது.

வீல் வெல்லுக்குள் ஒருமுறை தலையை நீட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விமானத்திலேயே மோசமான இடம் அதுதான். ஓடுபாதைத் தண்ணீர் வாரி அடிக்கும். பிரேக் சூடு, எண்ணெய்ப் பிசுக்கு, ஓயாத அதிர்வு. அங்கே ஒரு வயர் தளர்ந்து தொங்கினால் பக்கத்து உலோகத்தில் உரசிக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. ஆயிரம் பறத்தலில் மேல்தோல் தேய்ந்து செம்பு தெரியும். அப்புறம் பொறி. வயரை நகர விடாமல் பிடித்து வைப்பதுதான் முடிச்சின் வேலை. எத்தனை முடிச்சு, எவ்வளவு நெருக்கம் என்பதை அந்த வயர் எவ்வளவு ஆடலாம் என்ற கணக்கு தீர்மானிக்கிறது.

அந்த ஏடி தன் காரணத்தையும் சொல்கிறது. வீல் வெல்லில் தீப்பிடிக்கலாம் என்பது ஒன்று. எரிபொருள் டேங்க்குகளுக்கு அருகில் தீப்பொறி கிளம்பி, ஆவியோடு சேர்ந்தால் டேங்க்கே வெடிக்கலாம் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது காரணத்துக்கு ஒரு தேதி உண்டு.

1996 ஜூலை 17. நியூயார்க் கென்னடி விமான நிலையத்திலிருந்து பாரிஸுக்கு டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 800ஆம் எண் விமானம். போயிங் 747, 25 வயதான விமானம், 230 பேர். கிளம்பிப் பன்னிரண்டாவது நிமிடம் லாங் ஐலண்ட் கரைக்கு அப்பால் வெடித்துச் சிதறியது. ஏவுகணை என்றார்கள், வெடிகுண்டு என்றார்கள். எஃப்.பி.ஐ. பதினாறு மாதம் துருவிவிட்டு, குற்றச் செயல் என்பதற்குத் தடயம் இல்லை என்று எழுந்து போனது. கடலுக்கு அடியிலிருந்து அள்ளிய துண்டுகளை கால்வெர்ட்டன் என்ற ஊரில் ஒரு ஹேங்கரில் கம்பிச் சட்டத்தில் கோத்து, அந்த விமானத்தின் உடலை மறுபடி நிறுத்தினார்கள். விசாரணை நான்கு வருடம் போயிற்று.

வெடித்தது நடு டேங்க். அது ஏறக்குறைய காலி. காலி டேங்க்கில் என்ன ஆபத்து என்று கேட்காதீர்கள். லாரிப் பட்டறையில் டீசல் டேங்க்குக்கு வெல்டிங் வைக்கும் முன் அனுபவசாலி என்ன செய்வார்? தண்ணீர் ரொப்புவார். நிறைய இருக்கும் எண்ணெயைவிடக் காலியில் நிற்கும் ஆவிக்குத்தான் அவர் பயப்படுவார். 747இல் அந்த டேங்க்குக்கு நேர் கீழே ஏசி இயந்திரங்கள். ஜூலை மாதத்து வெயில். விமானம் தரையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஏசியை ஓட விட்டு நின்றது. அடியில் கொஞ்சமாகக் கிடந்த எரிபொருள் சூடாகி ஆவியாகி டேங்க்கை நிரப்பிவிட்டது. ஒரே ஒரு பொறிதான் பாக்கி.

வெடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னால், நான்காம் எஞ்சினின் எரிபொருள் ஓட்டம் காட்டும் கருவி ஏதோ பைத்தியம் மாதிரி காட்டுகிறது என்று கேப்டன் சொன்னது காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கிறது. எனக்கு இந்த விசாரணையிலேயே மனதைப் பிசையும் இடம் அதுதான். அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார். எங்கோ ஒரு வயர் அவரிடம் பேசியிருக்கிறது. பொறி எங்கே கிளம்பியது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றே 2000 ஆகஸ்டில் விசாரணைக் குழு எழுதியது. டேங்க்குக்கு வெளியே ஏதோ இரண்டு வயர்கள் ஒட்டி, அதிக மின்னழுத்தம், எவ்வளவு எரிபொருள் இருக்கிறது என்று அளக்கும் மெல்லிய வயர் வழியாக உள்ளே நுழைந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட அதிகபட்ச சாத்தியம்.

இதன் பிறகு 2001இல் எஃப்.ஏ.ஏ. ஒரு சிறப்பு விதி கொண்டுவந்தது, எஸ்.எஃப்.ஏ.ஆர். 88. தயாரிப்பாளர்கள் எல்லோரும் ஏற்கனவே விற்றுப் பறந்துகொண்டிருக்கும் விமானங்களின் வரைபடத்தை மறுபடி விரித்து, டேங்க் பக்கம் பொறி வரக்கூடிய ஒவ்வொரு வழியையும் தேட வேண்டும். தேடியதில் கிடைத்தவை ஏடிகளாக வந்து விழுந்தன, நூற்றுக்கும் மேல். எம்.டி.-80 முடிச்சும் அந்த வரிசையில் வந்ததுதான். ஆக, 2008இல் டல்லாஸில் பெட்டியோடு தரையில் படுத்துக் கிடந்த பயணிக்கு, 1996இல் கடலில் விழுந்த விமானத்தோடு உறவு உண்டு. அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பொறியைத் தடுப்பது ஒரு பாதி. ஆவியைத் தடுப்பது மறு பாதி. பட்டறைக்காரர் தண்ணீர் ரொப்பியதைப் போல, டேங்க்கின் காலியிடத்தில் நைட்ரஜன் ரொப்பலாம். காற்றை நுண்ணிய குழல் இழைகள் வழியாக அழுத்தினால் நைட்ரஜன் பிரிந்து வரும். ஆக்ஸிஜனை 12 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தால் ஆவி பற்றாது. விசாரணைக் குழு 1996 டிசம்பரிலேயே இந்தத் திசையைக் காட்டிவிட்டது. விதி வந்தது 2008 ஜூலையில். இடையில் செலவு, எடை என்று விமான நிறுவனங்கள் வாதாடின. அந்த இடைவெளியில், 2001 மார்ச்சில், பாங்காக்கில் தரையில் நின்றுகொண்டிருந்த தாய் ஏர்வேஸ் 737 ஒன்றின் நடு டேங்க் வெடித்துப் பணியாளர் ஒருவர் இறந்தார். 1990இலேயே மணிலாவில் இன்னொரு 737 இதே மாதிரி வெடித்து 8 பேர் போயிருந்தார்கள். பன்னிரண்டு வருடம் அதிகம். செலவுக் கணக்கை நானும் படித்துத்தான் சொல்கிறேன், அதிகம்.

இன்னொரு விபத்தையும் சொல்லாமல் போக முடியாது. 1998 செப்டம்பர் 2, சுவிஸ்ஏர் 111, நியூயார்க்கிலிருந்து ஜெனீவா. காக்பிட்டில் லேசான புகை வாசனை வந்ததிலிருந்து கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலில் விழுந்தது வரை 21 நிமிடம். 229 பேர். தீ பிடித்தது காக்பிட் மேல்கூரைக்குள். பயணிகள் படம் பார்க்கவும் விளையாடவும் புதிதாக மாட்டிய பொழுதுபோக்குக் கருவிகளின் வயர் ஒன்றில் பொறி கிளம்பிய தடயம், உருகிக் கெட்டியான செம்பு, கிடைத்தது. அந்த அமைப்பு பின்னால் வேறொரு கம்பெனி சேர்த்த மாற்றம். புகை என்றால் கேபின் மின்சாரத்தை அணைக்க விமானிக்கு ஒரு ஸ்விட்ச் உண்டு. இந்தப் புதிய அமைப்பை அந்த ஸ்விட்ச்சுக்குள் அடங்காத வேறு இணைப்பில் கொடுத்திருந்தார்கள். வீட்டில் மெயினை அணைத்தும் ஒரு அறையில் மட்டும் லைட் எரிந்தால் எப்படி இருக்கும்? விமானிக்கு அது தெரியாது.

இன்னொன்று, சர்க்யூட் பிரேக்கரை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் கேளுங்கள். விட்டு விட்டு அடிக்கிற பொறிக்கு அது பல நேரம் விழாது. வெப்பம் சேர்ந்தால்தான் விழும். அதற்குள் பொறி பக்கத்திலிருந்த காப்புப் போர்வையைப் பற்ற வைத்துவிட்டது. அந்தப் போர்வை அந்தக் காலத்து தீச்சோதனையில் தேறியதுதான். பிறகு அந்தப் போர்வைகளைக் கழற்றச் சொல்லியும் ஏடி வந்தது. மாற்றம் செய்ததால் வந்த வினை, அதை மாற்றச் சொல்லி விதி.

சரி, அந்த அங்குலத்துக்குத் திரும்புவோம். 2008 மார்ச்சிலேயே எஃப்.ஏ.ஏ. ஆய்வாளர்கள் குறை கண்டார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சில நூறு பயணங்களை ரத்து செய்து சரிபார்த்தது. ஆய்வாளர்கள் மறுபடி வந்து பார்த்தபோது சரிபார்த்ததும் சரியில்லை. தலைவர் ஜெரார்ட் ஆர்ப்பி பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டார். 2010இல் எஃப்.ஏ.ஏ. 2.42 கோடி டாலர் அபராதம் விதிக்கப் போவதாக அறிவித்தது. 286 விமானங்கள், 14,278 பயணங்கள் உத்தரவுக்குப் பொருந்தாமல் பறந்தன என்பது குற்றச்சாட்டு. பாதுகாப்புக்கு ஆபத்து இருந்ததில்லை என்பது நிறுவனத்தின் வாதம்.

நான் யார் பக்கம்? முடிச்சு கொஞ்சம் தள்ளிப் போனால் விமானம் விழும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றுவழி வேண்டுமென்றால் அதற்கும் விதியிலேயே இடம் இருக்கிறது. ‘நாங்கள் இப்படிக் கட்டுகிறோம், இதுவும் அதே பாதுகாப்பைத் தரும்’ என்று எழுதி அனுமதி வாங்கலாம். அதைச் செய்யாமல் தானே அர்த்தம் பண்ணிக்கொண்டால், ஓர் அங்குலம் ஒன்றேகால் ஆகும். பூக்கடை முழம் ஆளுக்கு ஆள் குறைகிற மாதிரி. அதேசமயம் எஃப்.ஏ.ஏ. ரொம்ப நல்ல பிள்ளை என்றும் சொல்ல முடியாது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சவுத்வெஸ்ட் நிறுவனம் விரிசல் சோதனையைத் தவறவிட்ட விவகாரத்தில் கண்டும் காணாமல் இருந்ததாக நாடாளுமன்றக் குழு முன் அடி வாங்கியிருந்தது. அந்த அடியின் வேகத்தில்தான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள் என்பது ஊரறிந்த பேச்சு. அதுவும் உண்மை, முடிச்சு தப்பாக இருந்ததும் உண்மை.

நம் ஊருக்கு இதில் என்ன? வடிவமைத்த நாடு போடும் ஏடியை இங்கே பறக்கும் அதே ரக விமானத்திலும் செய்தாக வேண்டும் என்பது நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், டி.ஜி.சி.ஏ., வைத்திருக்கும் விதி. 2013 ஜனவரியில் போயிங் 787 விமானங்களின் லித்தியம் பேட்டரி பாஸ்டனிலும் ஜப்பானிலும் கருகியபோது எஃப்.ஏ.ஏ. அவசர உத்தரவு போட்டது. ஏர் இந்தியாவின் ஆறு 787களும் நின்றன. பேட்டரியை எஃகுப் பெட்டிக்குள் அடைத்து, புகை வெளியே போகக் குழாய் வைத்து, சார்ஜரை மாற்றிய பிறகு மே மாதம்தான் பறந்தன.

எம்.டி.-80 கலவரத்துக்குப் பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. சர்வீஸ் புல்லட்டின்களில் எந்தப் படி கட்டாயம், எது வசதிக்கு என்று பிரித்து, கட்டாயப் படிகளுக்குப் பக்கத்தில் ‘ஆர்.சி.’ என்று இரண்டு எழுத்துப் போட ஆரம்பித்தார்கள். உங்களில் ஏ.எம்.இ., அதாவது விமானப் பராமரிப்புப் பொறியாளர், உரிமம் வாங்கப் போகிறவர்கள் அந்த இரண்டு எழுத்தைத் தினமும் பார்ப்பீர்கள், கீழே கையெழுத்தும் போடுவீர்கள்.

கேள்விகளை அப்புறம் எடுத்துக்கொள்கிறேன். அதற்குள் இந்தக் கயிறும் ஸ்கேலும் பத்து வயரும் முன்வரிசையிலிருந்து போகட்டும். ஆளுக்கு மூன்று முடிச்சு. அம்மா பூக் கட்டுவதைப் பார்த்தவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்வீர்கள். கத்தரி என்னிடம் இருக்கிறது.