கோட்டுக்கு அடியில் ஓடும் சாக்கடை

நேயர்களுக்கு வணக்கம். சைப்ரஸ் தீவின் சமாதான முயற்சிகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் பாதாளச் சாக்கடையில் இறங்கப் போகிறேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

சைப்ரஸ், துருக்கிக்குத் தெற்கே உள்ள தீவு. கிரேக்க மொழி பேசுகிறவர்கள் பெரும்பான்மை, துருக்கி மொழி பேசுகிறவர்கள் சிறுபான்மை. 1960-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை. அதிபர் கிரேக்கர், துணை அதிபர் துருக்கியர் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். 1963 டிசம்பரில் கலவரம் வெடித்தது. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஒருவர் தலைநகர் நிக்கோசியாவின் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். பச்சைக் கோடு என்ற பெயர் அப்படி வந்ததுதான். அடுத்த வருஷம் ஐ.நா. படை வந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர்களில் நம் ஜெனரல் திம்மய்யாவும் ஒருவர். பொறுப்பில் இருக்கும்போதே 1965-இல் அங்கே காலமானார்.

1974 ஜூலையில் கிரீஸ் நாட்டு ராணுவ ஆட்சியின் தூண்டுதலில் அதிபர் மக்காரியோசைக் கவிழ்த்தார்கள். ஐந்தாம் நாள் துருக்கிப் படை வந்து இறங்கிவிட்டது. தீவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதன் கைக்குப் போனது. கிரேக்கர்கள் தெற்கே, துருக்கியர்கள் வடக்கே. நடுவில் 180 கிலோமீட்டர் நீளத்துக்கு ஐ.நா. காவல்.

இப்போது சாக்கடை. நிக்கோசியாவுக்குப் போட்ட கழிவுநீர்த் திட்டம் சண்டையால் பாதியில் நின்றது. சுத்திகரிப்பு நிலையத்துக்கான இடம் வடக்கே மாட்டிக்கொண்டது. தண்ணீர் பள்ளத்தைத்தான் பார்க்கும், இனம் பார்க்காது. தெருவில் சாக்கடை பொங்கி வாசலில் நிற்கிற அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அந்த நேரத்தில் அரசியல் சட்டம் பேசத் தோன்றுமா?

தெற்கு நிக்கோசியாவின் மேயர் லெல்லோஸ் டிமெட்ரியாடெஸ். வடக்கின் மேயர் முஸ்தபா அக்கிஞ்சி. வடக்கிலிருந்த நகராட்சியைத் தெற்கு அரசு அங்கீகரிக்கவில்லை. இருந்தும் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். யார் அரசு, யார் நாடு என்ற வழக்கை ஓரமாக வைத்துவிட்டு, குழாயை மட்டும் பேசினார்கள். 1980 வாக்கில் இரு பக்கத்துக் கழிவுநீரும் ஒரே நிலையத்துக்கு ஓடியது. அப்புறம் அதே கூட்டு, நகரம் முழுவதற்குமான வளர்ச்சித் திட்டமாக வளர்ந்தது. மதிலுக்குள் இருந்த பழைய நகரத்தைச் சீரமைத்ததற்கு 2007-இல் ஆகா கான் கட்டடக்கலை விருதும் கிடைத்தது. இதை எங்கே போனாலும் சொல்கிறேன், வீட்டில் கேலி செய்கிறார்கள். இருந்தாலும் திரும்பவும் சொல்கிறேன்: குழாயை மட்டும் பேசினார்கள்.

பெரிய பேச்சுவார்த்தைகளில் அது நடக்கவில்லை. கூட்டாட்சி என்று 1977-லேயே மக்காரியோசும் துருக்கியர் தலைவர் டெங்டாஷும் ஒப்புக்கொண்டார்கள். 1983-இல் வடக்கு தன்னைத் தனிநாடாக அறிவித்தது. துருக்கியைத் தவிர யாரும் ஏற்கவில்லை. 2004-இல், தீவை மறுபடி இணைக்க அப்போதைய ஐ.நா. பொதுச் செயலர் கோஃபி அன்னான் தந்த திட்டத்துக்கு இரு பக்கமும் வாக்கெடுப்பு. வடக்கில் நூற்றுக்கு 65 பேர் சரி என்றார்கள், தெற்கில் 76 பேர் வேண்டாம் என்றார்கள். தெற்கை மட்டும் குறை சொல்ல மாட்டேன். துருக்கிப் படை எப்போது போகும், விட்டுவந்த வீடு கிடைக்குமா என்ற பயம் நியாயமானது. ஆனால் 'வேண்டாம்' என்றாலும் அடுத்த வாரமே ஐரோப்பிய ஒன்றியத்தில் இடம் உறுதி என்றிருந்தால், விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்?

நேரம் ஆகிவிட்டதென்று கை காட்டுகிறார்கள். காணாமற்போனோர் குழுவைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். இரு பக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து எலும்புகளை ஆராய்ந்து, சண்டைகளில் காணாமற்போன சுமார் 2,000 பேரில் பாதிக்கு மேல் அடையாளம் கண்டு குடும்பங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். 2017-இல் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ் மொன்டானாவில் நடந்த பேச்சு, துருக்கிப் படைகள், வெளிநாடுகள் தலையிட இடம் தரும் உத்தரவாத உரிமை என்ற பழைய முடிச்சில்தான் முறிந்தது. அங்கே வடக்கின் சார்பில் உட்கார்ந்தவர் யார் தெரியுமா? அதே அக்கிஞ்சி. 2025 அக்டோபரில் கூட்டாட்சியை ஆதரிக்கும் ஏர்ஹுர்மான் வடக்கின் அதிபர் தேர்தலில் வென்றிருக்கிறார். அதைப் பற்றி இன்னொரு நாள் கூப்பிட்டால் பேசுகிறேன். வணக்கம்.