கடலுக்குத் தப்பி ஏரிக்குள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திச் சிறப்பித்த சங்கச் செயலாளர் அவர்களே, முன்வரிசையை அழகுசெய்யும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா அவர்களே, வானம் மிரட்டும் இந்த மாலையிலும் திரண்டிருக்கும் வேளச்சேரிப் பெருமக்களே, வணக்கம்.

மறுகுடியமர்வு, சதுப்புநில மீட்பு, அதற்கான நிதி என மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். 'வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும்' என்ற பழமொழியை இன்றும் சொல்வேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

2015 டிசம்பரில் நிவாரணப் பொருள்களோடு செம்மஞ்சேரிக் குடியிருப்புக்குப் போனேன். 2004 ஆழிப்பேரலையில் வீடிழந்தவர்களையும், நகரத்தின் ஆற்றோரங்களிலிருந்து அகற்றப்பட்டவர்களையும் குடியமர்த்திய இடம் அது. முழங்கால் அளவுத் தண்ணீரில், கட்டில் கால்களுக்குச் செங்கல் முட்டுக்கொடுத்து, அதன்மேல் கிரைண்டரையும் அரிசி மூட்டையையும் ஏற்றிவிட்டு, ரேஷன் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி இடுப்பில் செருகியபடி ஒரு மூதாட்டி நின்றிருந்தார். நான் நீட்டிய பன்னை அவர் வாங்கவில்லை. "கடல் ஒரு தபாதான் சார் வந்துச்சு, இந்தத் தண்ணி மழைக்கு மழை வருது. கடல்லருந்து காப்பாத்தறேன்னு ஏரியில கொண்டாந்து வெச்சிட்டீங்களே!" என்றார். நான் விழிப்பதைக் கண்ட பேரன், "ஆயா, இவரு ஆபீசரு இல்ல, பன்னு குடுக்க வந்தவரு" என்று திருத்தினான். அதன் பிறகே பன் கைமாறியது.

அந்த அம்மா சொன்னதில் பிழையில்லை. தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் இறங்கி, ஓக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து, கோவளத்தில் கடலை அடைகிறது. அந்தத் தாழ்நிலத்தில்தான் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் இருக்கின்றன. 2015க்குப் பின் அடையாற்றுக் கரையிலிருந்து அகற்றியவர்களையும் பெரும்பாக்கத்துக்கே அனுப்பினோம். வெள்ளத்திலிருந்து எடுத்து வெள்ளத்தில் விடுவதற்குப் பெயர் மறுகுடியமர்வா?

வெள்ளம் வருமுன் அணை கோலத்தான் வேண்டும். ஆனால் சதுப்புநிலத்தைவிடப் பெரிய அணை எது? நெதர்லாந்தின் நைமேகன் நகரில் 'வால்' என்னும் ஆற்றுக்கு இடம்விட, ஏறத்தாழ 50 வீடுகளை அகற்றி, கரையையே 350 மீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். நாமோ 1960களில் ஏறத்தாழ 5,500 ஹெக்டேர் பரந்திருந்த பள்ளிக்கரணையைக் குப்பையாலும் கட்டடங்களாலும் நிரப்பினோம். 2022இல் அதில் 1,248 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது மகிழ்ச்சிதான். அந்த எல்லையைப் புல எண் வாரியாக அளந்து கல் நட வேண்டும் என்பதே நான் எந்த மேடையிலும் விடாத கோரிக்கை. கல் இல்லாத இடத்தில் மனைப்பிரிவுக் கொடி பறக்கும்.

நிதியைப் பற்றிப் பேச எண்ணியிருந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எல்லைக்கல் கோரும் மனு வாயிலருகே மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு, 2015இல் உங்கள் வீட்டில் தண்ணீர் எத்தனை அடி ஏறியது என்பதையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.