88 கட்டுரைகளும் ஒரு டிரிப் பாட்டிலும்

வணக்கம் நேயர்களே. ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கினால், டிரிப்பில் உடனே ஏதாவது திரவம் ஏற்றியாக வேண்டும். சாதாரண சலைனா, ரத்தத்திலிருந்து எடுக்கிற அல்புமின் என்ற புரதமா, இல்லை சோளம், உருளைக்கிழங்கு மாவுச்சத்திலிருந்து தயாரிக்கிற ஹைட்ராக்சிஎத்தில் ஸ்டார்ச்சா? ஸ்டார்ச் தாராளமாக ஏற்றலாம், பயமில்லை என்று வருஷக்கணக்கில் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதியவர் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் நகர மருத்துவமனையில் மயக்கவியல் துறைத் தலைவராக இருந்த யோவாகிம் போல்ட்.

2009 டிசம்பரில் 'அனஸ்தீஷியா அண்ட் அனல்ஜீசியா' இதழில் அவருடைய கட்டுரை ஒன்று வந்தது. படித்த சிலருக்கு எண்கள் உறுத்தின, ஆசிரியருக்கு எழுதிவிட்டார்கள். மனிதர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தால் அளவுகள் ஆளுக்கு ஆள் முன்னே பின்னேதான் இருக்கும், இங்கேயோ நம்பவே முடியாத அளவுக்குச் சீராக இருந்தன. விசாரித்தால், நோயாளிகள் மேல் ஆய்வு நடத்த முன்கூட்டியே அனுமதி தரவேண்டிய நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லை, ஆய்வு நடந்ததற்கே ஆதாரம் இல்லை. 2010இல் அதைத் திரும்பப் பெற்றார்கள், அதாவது இனி அதை நம்பவேண்டாம் என்று இதழே அறிவித்தது. அப்புறம் மாநில மருத்துவர் மன்றம் பழைய கட்டுரைகளையும் தோண்டியது. 2011இல் பல இதழ்களின் ஆசிரியர்கள் ஒன்றாகச் சேர்ந்து, ஒப்புதல் வாங்காமல் செய்த 88 கட்டுரைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள்.

ஒப்புதல் கடிதம் என்பது வெறும் ஆபீஸ் சம்பிரதாயம் என்று சொல்கிற டாக்டர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. மயக்கத்தில் கிடப்பவர் 'என் மேல் எதைச் சோதிக்கிறீர்கள்?' என்று எழுந்து கேட்க முடியாது, அவருக்காக முன்கூட்டியே கேட்பது அந்தக் குழு ஒன்றுதான்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? தீவிர சிகிச்சை நோயாளிகளுக்கு ஸ்டார்ச் ஏற்றிய 38 ஆய்வுகளை 2013இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை தொகுத்துப் பார்த்தது. போல்ட்டின் 7 ஆய்வுகளையும் சேர்த்தால் ஆபத்து மங்கலாகத்தான் தெரிந்தது. அந்த ஏழையும் எடுத்ததும் மரணம் கூடியது தெளிவாகவே தெரிந்தது, சிறுநீரகச் செயலிழப்பும் கூடியிருந்தது. அதாவது, பொய்க் கணக்கு நிஜ ஆபத்தை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஐரோப்பாவில் இந்த ஸ்டார்ச்சின் விற்பனை உரிமையை நிறுத்திவைக்க 2022 ஆகிவிட்டது.

இதைவிட என்னை வருத்துவது இன்னொன்று. அறிவித்து ஏறத்தாழ 2 ஆண்டு கழித்தும் அந்த 88இல் 9 கட்டுரைகளை யாரும் திரும்பப் பெறவில்லை. திரும்பப் பெற்ற பலவற்றிலும் காரணத்தையோ எச்சரிக்கை முத்திரையையோ ஒழுங்காகப் போடவில்லை. அதோடு நம் ஆட்களின் ஒரு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது: மூலக் கட்டுரையைப் படிக்காமலே, இன்னொருவர் கட்டுரையின் மேற்கோள் பட்டியலை அப்படியே உருவித் தன் ஆய்வேட்டில் ஒட்டிக்கொள்வது. அதுவும் திருட்டுத்தான். செத்த கட்டுரைகள் இப்படித்தான் உயிரோடு நடமாடுகின்றன.

ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் முதுநிலை மருத்துவ மாணவர்களே, மேற்கோள் போடுவதற்கு முன், மருத்துவக் கட்டுரைகளைத் தேடித்தரும் பப்மெட் இணையதளத்தில் அந்தக் கட்டுரையின் தலைப்பைத் தட்டிப் பாருங்கள். திரும்பப் பெற்றிருந்தால் பெரும்பாலும் பக்கத்தின் மேலேயே அறிவிப்பு இருக்கும். ஒரு நிமிட வேலைதான், தயவுசெய்து செய்யுங்கள். நன்றி, வணக்கம்.