பள்ளிக்கூடத்தில் ஒரு வாக்குச்சாவடி

நேயர்களுக்கு வணக்கம்.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்குப்பதிவு நம் தருமபுரித் தொகுதியில்தான். நூற்றுக்கு 81 பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குக் கழுதை மேல் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போய்த் தேர்தல் நடத்திய மாவட்டம் இது. இங்கே பள்ளியில் மாதிரித் தேர்தல் வைத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டுப் போடச் சொல்லித் தரவேண்டுமா என்று கேட்கலாம். அவசியம் சொல்லித் தரவேண்டும். ஆசிரியராக இருந்து பல தேர்தல்களில் வாக்குச்சாவடி வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

முதல் ஓட்டுக்கு வருகிற பிள்ளை பதிவேட்டில் கையெழுத்துப் போடும், இடது ஆள்காட்டி விரலில் மை வாங்கிக்கொள்ளும். அதுவரை தைரியம்தான். மறைப்புக்குள் போனதும் தடுமாற்றம். சின்னத்தின் மேலேயே விரலை வைத்து அழுத்துவார்கள். அழுத்த வேண்டியது பக்கத்திலுள்ள நீலப் பொத்தானை. அப்புறம் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடி வழியாக, நாம் போட்ட சின்னம் அச்சான சீட்டு 7 விநாடி தெரியும். அதைப் பார்க்காமலே வெளியே வந்து, "சார், என் ஓட்டு விழுந்துச்சா?" என்பார்கள். பள்ளியில் ஒரு தடவை மாதிரித் தேர்தல் வைத்தால் இந்தப் பதற்றம் தீரும்.

ஆனால் அதை விளையாட்டாக நடத்தக் கூடாது. மல்கோவாவா, செந்தூராவா என்று மாம்பழத்தை வேட்பாளராக நிறுத்தினால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். பள்ளிக்கு வந்த பணத்தில் முதலில் எதை வாங்குவது, நூலகத்துக்குப் புத்தகமா, விளையாட்டுச் சாமானா? இதற்கு ஓட்டு வையுங்கள். இரண்டு பக்கமும் பேசட்டும். எது ஜெயிக்கிறதோ அதைத் தலைமை ஆசிரியர் வாங்கியே தீரவேண்டும். இல்லையென்றால் ஓட்டுக்கு மதிப்பில்லை என்பதைத்தான் நாம் கற்றுக்கொடுத்திருப்போம்.

இரண்டு தரப்புக்கும் முகவர்களை, அதாவது அவரவர் சார்பில் கண்காணிக்கிறவர்களை, உட்கார வையுங்கள். உண்மையான வாக்குச்சாவடியிலும் காலையில் முகவர்கள் முன்னால் குறைந்தது 50 மாதிரி ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, எல்லாவற்றையும் அழித்து, சீட்டுகளையும் வெளியே எடுத்த பிறகே சீல் வைத்துத் தொடங்குகிறோம். அதைப் பிள்ளைகளும் செய்து பார்க்கட்டும். தோற்ற பக்கமும் கூடவே இருந்து எண்ணி, முடிவில் கையெழுத்துப் போடட்டும்.

அந்த மறைப்பை மட்டும் ஒப்புக்கு வைக்காதீர்கள். நம் ஊரில் வீட்டுப் பெரியவர் சொன்ன சின்னத்துக்கே போடுகிற பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், நிறைய உண்டு. உள்ளே தான் மட்டும்தான், யாருக்குப் போட்டோம் என்று வெளியே யாருக்கும் தெரியாது என்பதை அவர்கள் அனுபவித்துப் பார்க்க வேண்டும். அதனால் ஆசிரியர்களே, யாருக்குப் போட்டாய் என்று விளையாட்டுக்கும் கேட்காதீர்கள்.

அன்றைக்கே ஒரு மேசையில், வாக்காளர் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்கிற படிவம் 6 வைத்திருங்கள். 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் தேதிகள் தகுதி நாட்கள். அதில் எந்தத் தேதிக்குள் 18 நிறைகிறதோ, அந்தக் காலாண்டில் பெயர் சேர்ந்துவிடும்.