மாஸ்லெனித்சா: தீ மூட்டுவதற்கு முந்தைய ஆறு நாட்கள்

வணக்கம் நண்பர்களே! ரஷ்யாவின் சுஸ்தால் நகரத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் கம்பத்தில் கட்டியிருக்கிற வைக்கோல் பொம்மையைப் பாருங்கள். பூப்போட்ட சால்வை, சிவப்புப் பாவாடை, துணியில் வரைந்த முகம். இன்னும் சற்று நேரத்தில் இதைக் கொளுத்திவிடுவார்கள். குளிர்காலத்தை வழியனுப்பும் மாஸ்லெனித்சா திருவிழா என்று தேடினால் எல்லா வீடியோக்களிலும் இந்தத் தீதான் வரும். ஆனால் இது ஒரு வாரத் திருவிழாவின் கடைசிக் கட்டம். மற்ற நாட்களை யாரும் காட்டுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். கூட்டம் சேர்வதற்குள் அந்த நாட்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் ஈஸ்டருக்கு முன்னால் ஏழு வாரம் கடுமையான நோன்பு. இறைச்சி மட்டுமல்ல, பால், வெண்ணெய், முட்டைகூடக் கூடாது. நோன்புக்கு முந்தைய இந்த வாரத்தில் இறைச்சியை நிறுத்திவிடுவார்கள். பால் பொருட்களுக்கும் முட்டைக்கும் மீனுக்கும் தடையில்லை. வீட்டில் இருக்கிற வெண்ணெயையும் பாலையும் தீர்த்தாக வேண்டும் அல்லவா? அதனால்தான் தெருவெல்லாம் பிளினி மணக்கிறது, நம் தோசைபோல மெல்லிதாகச் சுடுகிற பலகாரம்.

புதன்கிழமை எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி என்னை அழைத்திருந்தார். அவருடைய சமையலறையில் எடுத்த காட்சி இப்போது திரையில் ஓடும். முந்தைய இரவே ஈஸ்ட் போட்டுக் கரைத்து வைத்த மாவு, கனமான இரும்புச் சட்டி. பாதி உருளைக்கிழங்கை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுச் சட்டி முழுக்கத் தேய்க்கிறார், பாருங்கள். தோசைக்கல்லில் பாதி வெங்காயத்தைத் தேய்க்கும் அதே கைப்பழக்கம்! மாவை ஊற்றிச் சட்டியை ஒரு சுழற்று சுழற்றியதும் ஓரம் வலைபோலப் பொரிந்து வருகிறது. எடுத்தவுடன் ஒவ்வொன்றின் மேலும் வெண்ணெய் தடவி அடுக்குகிறார். தொட்டுக்கொள்ள ஸ்மெதானா என்கிற கெட்டியான புளித்த பாலேடு, தேன், மீன்முட்டை.

பிளினி வட்டமாக இருப்பது சூரியனைக் குறிக்கிறது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். எனக்கு அந்த விளக்கத்தில் மனம் ஒட்டவில்லை. ரஷ்யர்கள் துக்க வீட்டிலும் பிளினி வைக்கிறார்கள். மாஸ்லெனித்சாவில் சுட்ட முதல் பிளினியை இறந்துபோன பெரியவர்களுக்கென்று ஜன்னலோரம் வைக்கிற வழக்கம் பல ஊர்களில் இருந்திருக்கிறது. ஏழைக்குக் கொடுத்து, செத்தவர்களை நினைத்துக்கொள்ளச் சொல்வதும் உண்டு. முன்னோருக்குப் படைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவது என்றால் நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்தப் புதன்கிழமை எனக்கு மிகவும் பிடித்ததற்குக் காரணம் பலகாரம் மட்டும் அல்ல. அன்று மாமியார் மருமகனுக்கு விருந்து வைக்க வேண்டும். பாட்டியின் மருமகன் வேறு ஊரிலிருந்து பேருந்து பிடித்து வந்திருந்தார். அவர் தட்டைப் பாட்டி காலியாகவே விடவில்லை. “போதும் அம்மா” என்கிறார். அதற்குள் இன்னும் இரண்டு விழுந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை முறை மாறும்: மருமகன் வீட்டில் மாமியாருக்கு விருந்து. பழைய வழக்கப்படி முந்தைய நாள் மாலையே மருமகன் நேரில் போய் அழைக்க வேண்டும். சனிக்கிழமை நாத்தனார்களுக்கு உரியது. புதிதாக வாழ வந்த பெண் கணவனின் சகோதரிகளை அழைத்து, உபசரித்து, பரிசும் கொடுக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பெண் பார்க்கிற நாள். இளவட்டங்கள் பனிச்சறுக்கு மேடுகளில் கூடுவார்கள்; பெரியவர்கள் ஓரமாக நின்று கவனிப்பார்கள். நோன்புக் காலத்தில் திருமணம் கிடையாது. இப்போது பேசி முடித்தால் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறன்று மணம் முடிக்கலாம். அந்த ஆண்டு மணமானவர்களை ஊரே கூடிச் சறுக்குவண்டியில் ஏற்றி மேட்டிலிருந்து தள்ளிவிடுகிற வழக்கமும் இருந்தது. எவ்வளவு தூரம் சறுக்குகிறோமோ அவ்வளவு நீளமாக ஆளிச்செடி வளரும் என்று உழவர்கள் நம்பினார்கள். ஆக, இந்த வாரம் முழுவதும் ஊரின் கண் புதுத் தம்பதிகள் மேல்தான். குளிரை விரட்டுவது ஒருபுறம் இருக்கட்டும். இது உறவு கூட்டுகிற திருவிழா என்றே நான் சொல்வேன்.

வியாழன் முதல் ஆட்டம் பாட்டம். அந்தக் காலத்தில் இரண்டு தெருக்காரர்கள் வரிசை கட்டி முஷ்டிச் சண்டை போடுவார்கள். விழுந்தவனை அடிக்கக் கூடாது, கையுறைக்குள் எதையும் ஒளித்து வைக்கக் கூடாது. பனிக்கோட்டை கட்டி, குதிரையில் வந்து உடைக்கிற சைபீரிய விளையாட்டை வசீலி சூரிகோவ் 1891இல் ஓவியமாக வரைந்தார். சென்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ரஷ்ய அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. சுவர் உடைந்து பனிக்கட்டி சிதறுகிற கணம். ஓரத்தில் கம்பளம் விரித்த வண்டியில் உட்கார்ந்து சிரிக்கிறவர்கள். போனால் தவறவிடாதீர்கள்.

சோவியத் காலத்தில் இந்தத் திருவிழாவைத் தேவாலய நாட்காட்டியிலிருந்து பிரித்து, ‘ரஷ்யக் குளிர்காலத்தை வழியனுப்புதல்’ என்ற பெயரில் பூங்காக்களில் நடத்தினார்கள். மேடையும் பாட்டும் மிஞ்சின. மாமியார்கள் மட்டும் சமையலறையை விட்டுக்கொடுக்கவில்லை!

இதோ, பற்றவைத்துவிட்டார்கள்! பாவாடைதான் முதலில் பிடிக்கிறது. சால்வை ஒரு நொடியில் சுருண்டுவிட்டது. அனல் முகத்தில் அடிக்கிறது. எல்லாரும் பின்னால் நகர்கிறோம். முன்பெல்லாம் இந்தச் சாம்பலை அள்ளி வயலில் தூவுவார்களாம், விளைச்சலுக்காக.

கேமராவை இந்தப் பக்கம் திருப்புகிறேன். இன்று மன்னிப்பு ஞாயிறு. பக்கத்து வீட்டுப் பாட்டி தன் மகளுக்கு முன்னால் தலை குனிந்து, “என்னை மன்னித்துவிடு” என்கிறார். “கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன்” என்று மகள் பதில் சொல்கிறாள். இப்போது மருமகனிடம் போகிறார். மாலை வழிபாட்டில் பாதிரியாரே முதலில் சபையிடம் மன்னிப்புக் கேட்பார். வாரம் முழுக்க விருந்துண்டு பழகிய அதே உறவுகளிடம், மனத்தில் எதையும் வைத்துக்கொள்ளாமல் நோன்புக்குள் போக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பாட்டி என்னிடமும் வருகிறார். ஒரு நிமிடம்.

சரி. வர நினைப்பவர்களுக்கு: மாஸ்கோவிலிருந்து விளாதிமிர் நகரம் வரை ரயில், அங்கிருந்து பஸ். ஈஸ்டரைப் பொறுத்து நாள் மாறும்; 2026இல் பிப்ரவரி 16 முதல் 22 வரை, 2027இல் மார்ச் 8 முதல் 14 வரை. பிப்ரவரியில் வந்தால் கடுங்குளிருக்கு உடுத்திக்கொள்ளுங்கள். மார்ச்சில் பனி உருகிச் சேறாகியிருக்கும், நீர் புகாத காலணி அவசியம். ஞாயிறு மட்டும் வந்துவிட்டு ஓடாதீர்கள். புதன்கிழமைக்கே வந்துவிடுங்கள், யாராவது ஒரு மாமியார் உங்களையும் உட்கார வைத்துப் பரிமாறுவார்.